பாதிச் சவரம்

அத்தியாயம் 14

"மலைச்சாரல் யார்?" என்று கேட்டு இந்த வாரமும் தபால்காரரைச் சுமக்க வைத்துவிட்டீர்கள். அது கொழும்புப் பந்தயக்காரன்தான் என்கிறார் ஒரு வாசகர். போன் கடை நுஸ்கிதான், அவனுக்கு நிஷாந்தி மேல் ஒரு கண் என்று ஹட்டன் வாசகி ஒருவர் அடித்துச் சொல்கிறார். நுஸ்கிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் அம்மா, பாவம், அவரை விட்டுவிடுங்கள். இன்றைக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

நிஷாந்தி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். திரையில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டு ஆடுவதுதான் அவள் தொழில். அவள் ஆட்டுவிக்கும் ஆள் ஒரு பருத்த மல்யுத்தக்காரி. மெதுவாக நடப்பாள் என்று மற்றவர்கள் யாரும் அவளைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. நுஸ்கியின் கடை மாடியில் பழகி, கொழும்பில் ஜெயித்து, பாங்கொக் வரைக்கும் போய் மூன்றாம் இடம் வாங்கினாள். ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் 'கொழுந்து'.

ஜெயித்ததைவிட அவள் வம்பில் மாட்டியதுதான் அதிகம். பொம்பிளைப் பிள்ளை இப்படி ஆடாது, பின்னால் எவனோ உட்கார்ந்து ஆடுகிறான் என்று ஒரு கூட்டம் கிளப்பிவிட்டது. அன்றிலிருந்து தன் முகமும் கையும் தெரியும்படி ஒரு கேமராவை வைத்துக்கொண்டுதான் ஆடுகிறாள். பிறகு ஒரு மேடையில், இது தேயிலை பறிக்கிற கையா என்று நக்கலாகக் கேட்ட ஒருவரிடம், கொழுந்து பறிப்பது என் அம்மா, இது போன மாதம் உங்களை அடித்த கை என்று சொல்லிவிட்டாள். அவர் உண்மையிலேயே அவளிடம் தோற்றவர். மன்னிப்புக் கேள் என்றார்கள். அவள் கேட்கவில்லை.

மூன்றாவது வம்புதான் இப்போது கழுத்தைப் பிடித்திருக்கிறது.

நாட்டின் பெரிய போட்டியில் இறுதி ஆட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்தே ஆடினாள். இன்னும் ஒரே ஒரு சுற்று ஜெயித்தால் கோப்பை அவளுக்கு. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் ஓலமிட்டது. நிஷாந்தி கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள், எல்லாவற்றையும் அணைத்தாள், எழுந்து போய்விட்டாள்.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால், பிரேதம் தூக்கும்வரை எந்தக் காம்பராவிலும் டீவி பாடாது, ரேடியோ பேசாது. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு லயம் தெரியுமா, சாவு தெரியுமா? ஜெயிக்கப் போகிறவள் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனதுதான் தெரிந்தது.

அதற்குச் சற்று முன்னால், பார்க்கிறவர்கள் எழுதும் இடத்தில் 'மலைச்சாரல்' என்ற பெயரில் ஒரு வரி வந்திருந்தது. "எந்திரிச்சு வா புள்ள." வருஷக்கணக்காக அவளுடைய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ரோஜாப்பூப் படம் மட்டுமே போட்டுவந்த பெயர் அது. முதல் தடவையாக வாய் திறந்திருக்கிறது, அடுத்த சில நிமிஷத்தில் அவள் எழுந்துவிட்டாள். எதிராளிமேல் பந்தயம் கட்டியவர்கள் கொடுத்த சைகை, வேண்டுமென்றே தோற்றாள் என்று ஊர் பேசியது.

செத்தது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நிஷாந்தியின் சித்தி வீரம்மா. நிஷாந்தியின் அப்பா பொன்னையாவின் சொந்தத் தம்பி செல்லசாமியின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. நிஷாந்தி முதல் முதலாகக் கொழும்புக்கு ஆடப் போனபோது, பெண் பிள்ளையை அடிதடிக்கு அனுப்புகிறவன் வாசலில் இனி என் கால் படாது என்று கோயில் முன்னால், பத்துப் பேர் கேட்கச் சொன்னார் செல்லசாமி. அப்படியானால் நம் இரண்டு வீட்டுக்கும் இனி வாழ்வும் இல்லை, சாவும் இல்லை என்று பொன்னையாவும் சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் மட்டும் ஒரே அச்சு.

அதனால்தான் ஓலம் கேட்ட அன்றைக்கும் "நீ ஆடு" என்று மகளிடம் சொன்னார் பொன்னையா. அவள் ஆடவில்லை. அவரும் போகவில்லை. பிரேதம் போனபோது மேல் மலையில் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் விசாரணையில், ஏன் எழுந்தாய் என்று போட்டிக் குழு கேட்டது. நிஷாந்தி, பக்கத்து வீட்டில் சாவு என்றாள். சித்தி என்று சொல்லவில்லை. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். சொந்தத்தில் சாவு என்றால் விதி மன்னிக்கும், பக்கத்து வீட்டுக்கு மன்னிக்காது என்றார்கள். இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கடைசி விசாரணை. இன்றைக்கும் நம்பவைக்க முடியாவிட்டால் இரண்டு வருஷத் தடை. இந்தத் தொழிலில் இரண்டு வருஷம் என்றால், அதோடு முடிந்தது என்று பொருள்.

இன்றைக்குத்தான் வீரம்மாவுக்குக் கருமாதியும்.

*

நிஷாந்தியின் அம்மா ஜீவராணி விடிந்ததிலிருந்து பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். சண்டை ஆம்பிளைகளோடது, எனக்கும் வீரம்மாவுக்கும் எந்தக் கோயில் முன்னாலும் எந்தப் பேச்சும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சாவு விழுந்த அன்றே போய்க் குளிப்பாட்டி, சேலை கட்டிவிட்டவள் அவள். பொன்னையா அதைத் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பத்து மணி வாக்கில் பெரிய அண்டாவை எடுத்துப் போக வீட்டுக்குள் வந்தாள். முன் காம்பராவில் பொன்னையா சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பிளேடு, கடதாசி பிரிக்காமல் கிடந்தது. ஜீவராணி ஒன்றும் கேட்காமல் அவரைத் தாண்டிக் குசினிக்குப் போனாள்.

அங்கே நிஷாந்தி தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா மொகத்தப் பாத்தியா?" என்றாள் ஜீவராணி, குரலைத் தாழ்த்தி.

தன்னை நினைத்து அப்பா கவலையில் சவரம்கூடச் செய்யாமல் இருக்கிறார் என்றுதான் நிஷாந்தி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதைச் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"உனக்காக இல்ல புள்ள. வீரம்மா செத்துப்போன மறுநாளு கருவாட்டுக் கொழம்பு வச்சேன். தொடல. வயிறு சரியில்லன்னாரு. முட்ட பொரிச்சேன், அதுவும் வேணாம்னுட்டாரு. தலைக்கு நல்லெண்ண வைக்கல, சவரம் பண்ணல. இத்தன நாளும் தீட்டு காக்குறாரு. பங்காளிக்குக் காக்குற மாதிரி."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"எங்கிட்ட மட்டும் சொன்னாரா? அந்த மனுசன் தன்கிட்டயே சொல்லியிருக்கமாட்டாரு."

அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் ஜீவராணி. நிஷாந்தி ஆறிய தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். அப்பாவின் சொல்லைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சித்தியைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கினாள். அப்பாவோ அந்தச் சொல்லை என்றைக்கோ தாடிக்குள் ஒளித்து மீறிவிட்டார். அவருக்காகச் சொன்ன பொய்யால் அவருக்கே பிரயோசனம் இல்லாமல் போயிற்று.

அவள் முன் காம்பராவுக்கு வந்தாள். பொன்னையா கண்ணாடியை விட்டு நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, இன்றைக்கு அவர்களிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார்.

"அன்னைக்குச் சொன்னதுதாம்ப்பா."

"அதச் சொல்லிட்டு ரெண்டு வருசம் சும்மா குந்தியிருப்பியா?"

"நீங்க வாயால சொல்லாத ஒறவ நான் எப்புடிப்பா சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே தாங்கவில்லை. என்னாலதான் இரண்டு வீடும் பிரிந்தது, நான் கொழும்புக்குப் போகாமல் இருந்திருந்தால் சித்தி கையால் ஆறு வருஷம் சாப்பிட்டிருப்பேன் என்று கொட்டிவிட்டாள். பொன்னையா தலையை ஆட்டி மறுத்தார். நீ ஆடப் போனாய், அவ்வளவுதான், வாயை விட்டது நாங்கள் இரண்டு பேர் என்றார். பிறகு எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

ஆனால் அவர் வாசல் தாண்டவில்லை. வாசலையொட்டி ஓடும் தண்ணீர்க் கானுக்கு அந்தப் பக்கம் செல்லசாமி நின்றுகொண்டிருந்தார்.

*

செல்லசாமி நின்ற கோலத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு. முகத்தில் இடப்பக்கம் மழமழவென்று சவரம் ஆகியிருந்தது. வலப்பக்கம் தாடியும் அதன்மேல் சோப்பு நுரையும் அப்படியே இருந்தன. கையில் ஒரு போன். சலூன்காரர் பாதிச் சவரத்தில், மற்றப் பங்காளி எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் தோட்டத்துக்குப் புதிது, வம்புக்குக் கேட்கவில்லை. செல்லசாமி பலகையிலிருந்து எழுந்து நேரே வந்துவிட்டார்.

அண்ணனும் தம்பியும் ஒருவர் தாடியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் முகத்திலும் அதே அளவு தாடி இருப்பதைக் கண்டதும் செல்லசாமியின் வாய் கோணியது.

"அண்ணே," என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"உள்ள வா," என்றார் பொன்னையா.

கானைத் தாண்டினார். இஸ்தோப்புத் திண்ணைப் படியில் கால் வைக்கப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். கோயில் முன்னால் சொன்ன சொல் காலைப் பிடித்தது. பொன்னையாவுக்கும் கையை நீட்டத் தோன்றவில்லை. இரண்டு பேரும் இப்படியே நின்றால் கருமாதிச் சோறு ஆறிப்போகும் என்று ஜீவராணிக்குத்தான் தோன்றியது. பக்கத்து வீட்டுச் சமையலை அப்படியே விட்டுவிட்டுக் கொழுந்தனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சோப்பு மொகத்துலதான இருக்கு தம்பி, கால்ல இல்லையே. ஏறுங்க," என்றாள்.

செல்லசாமி ஏறினார்.

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. போனை நிஷாந்தியிடம் நீட்டினார். அது சித்தியின் போன். திறந்ததும் முதலில் தெரிந்தது நிஷாந்தியின் பழைய ஆட்டம் ஒன்று. மேல் மூலையில், பார்க்கிறவரின் பெயர் எழுதியிருந்தது. மலைச்சாரல்.

நிஷாந்தி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பாங்கொக் ஆட்டத்துக்கு ஒரு ரோஜா. கொழும்பில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய ஆட்டத்துக்கும் ஒரு ரோஜா. யாருமே பார்க்காத பயிற்சி ஆட்டங்களுக்குக்கூட ஒவ்வொரு ரோஜா. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, புருஷனுக்குத் தெரியாமல் சித்தி ஒன்றைக்கூட விடவில்லை. நிஷாந்தி அந்தப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். ஜீவராணி அவள் தலையைத் தன்பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

வாசகர்களே, நுஸ்கி ஒரே ஒரு தப்புச் செய்திருந்தார். வீரம்மாவுக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்துப் பெயரும் வைத்தவர் அவர்தான். யாரிடமும் சொல்லாதீங்க என்று வீரம்மா கேட்டுக்கொண்டதற்காக, ஊரே மலைச்சாரலைத் தேடியபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தார். நேற்று செல்லசாமி கடைக்கு வந்தபோதுதான் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த ஒரு வரியைக் காட்டி, இதை எழுதியது யார், இதனால் உங்கள் அண்ணன் மகள் பிழைப்பே போகப்போகிறது என்று சொல்லியிருக்கிறார்.

"நாந்தான் எழுதுனேன்," என்றார் செல்லசாமி.

அன்றைக்கு அண்ணன் வீட்டைத் தவிர லயத்துச் சனம் முழுக்கக் கோயில் திருவிழாக் கும்பிட்டுக்குப் போயிருந்தது. செல்லசாமி மரக்கறித் தோட்டத்திலிருந்து வீட்டுக்குள் வந்தார். வீரம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகம் பார்க்கிறாள் என்று நினைத்துக் கிட்டே போனால், திரை மூலையில் அண்ணன் மகளின் முகம். அவருக்குக் கோபம் வருவதற்குள் வீரம்மா கையைக் காட்டி அவரை அடக்கினாள்.

"சத்தம் போடாதீங்க, நம்ம புள்ள ஜெயிக்கப் போகுதுன்னா. அவ்வளவுதாண்ணே," என்றார் செல்லசாமி. "நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்புடியே சரிஞ்சுட்டா. மயக்கம்னு நெனச்சேன். போனு அவ கையில இருந்துச்சு. அதுல புள்ள மொகம் தெரியுது. புள்ள, சித்திக்கு முடியல, வான்னு அதுக்கிட்டயே கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. கீழ எல்லாரும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. எழுதுனாத்தான் பாக்கும் போலன்னு நானும் எழுதுனேன். எனக்கு ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தானே வரும்."

சுவரைத் தட்டியிருக்கலாம். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இந்த வாசலில் என் கால் படாது என்று சொன்ன மனிதர் அந்த நேரத்திலும் அதை நினைத்தாரா, நினைக்காமலேயே உடம்பு அப்படிப் பழகிவிட்டதா என்று அவருக்கே தெரியாது. அவர் எழுதி முடித்துத் திரும்பியபோது வீரம்மாவிடம் மூச்சில்லை. அப்புறம்தான் ஓலமிட்டார்.

"ஆனா நீ வந்துட்ட புள்ள," என்று நிஷாந்தியைப் பார்த்துக் கைகூப்பினார் செல்லசாமி. "நான் எழுதுனதப் பாத்ததும் அத்தன பெரிய ஆட்டத்தப் போட்டுட்டு ஓடியாந்த. அவளுக்குத்தான் குடுத்து வைக்கல. நான் அத நெனச்சுத்தான் இத்தன நாளும் சோறு திங்கிறேன்."

நிஷாந்தி அந்த வரியைப் பார்க்கவே இல்லை. ஆடும்போது கீழே எழுதுவது எதையும் பார்ப்பதில்லை என்று முதல் விசாரணையிலேயே சொல்லியிருக்கிறாள். அது உண்மை. இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் திணறிக்கொண்டிருந்தபோது, மேசையிலிருந்த லெப்டொப் ஒலிக்கத் தொடங்கியது. மணி பதினொன்று.

*

போட்டிக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு வயதான சிங்களவர். அவர் கறாரானவர், கெட்டவர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் றுமைஸா என்ற இளம் வழக்கறிஞர் தமிழை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல உட்கார்ந்திருந்தார். மூன்றாமவர் குறிப்பு எடுக்கிறவர்.

நிஷாந்தி தனியாக வருவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். திரையில் அவளுக்கு ஒரு பக்கம் தாடிக்காரர் ஒருவரும், இன்னொரு பக்கம் பாதித் தாடிக்காரர் ஒருவரும் தெரிந்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நுரை காய்ந்து செல்லசாமியின் கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மரணம் விழுந்த வீட்டுப் பங்காளிகள், இன்றைக்குத்தான் தீட்டுக் கழிகிறது, சவரம் நடுவில் நிற்கிறது என்று றுமைஸா காதோடு விளக்கினார். தலைவர் இருவருக்கும் லேசாகத் தலை குனிந்தார்.

யாரும் கேட்காமலே பொன்னையா பேசினார். சிங்களம் அவருக்கு நன்றாக வரும். இன்றைக்கு மட்டும் தமிழில்தான் சொன்னார்.

"செத்தது என் தம்பி பொண்டாட்டி. இவளுக்குச் சித்தி. நான் பக்கத்துல இருந்தேன், அதாங்க அன்னைக்குப் பக்கத்து வீடுன்னு சொன்னா. பொய் அவளோடது இல்ல. என்னோடது."

பக்கத்தில் செல்லசாமி துண்டின் முனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலைவர் ஏதோ எழுதினார். ஏன் அப்படி என்று கேட்க வந்தவர், பொன்னையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். சொந்தத்தில் சாவு என்பதை ஏற்றுக்கொள்கிறோம், இனி அந்த ஒரு வரிதான் பாக்கி என்றார்.

நிஷாந்தி சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

செல்லசாமி போனைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினார். ரோஜாக்களைக் காட்டினார். எழுதியது தான்தான் என்றார், எப்படி எழுதினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். றுமைஸா இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். அண்ணன் மகளுக்கு இன்னும் கொஞ்சம் நல்லது செய்ய வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றிவிட்டது.

"நான் எழுதுனதப் பாத்துட்டுத்தான் ஐயா புள்ள எந்திரிச்சுச்சு. வேற ஒண்ணுமில்ல. அது மேல தப்பே இல்ல."

தலைவரின் பேனா நின்றது.

முந்திய விசாரணையில் எந்த வரியையும் பார்க்கவில்லை என்று நிஷாந்தி சொல்லியிருக்கிறாள். இவர் பார்த்தாள் என்கிறார். ஒரு தரம் பொய் சொன்ன வீடு இது. எது உண்மை என்று இப்போதே, அவள் வாயால் தெரிய வேண்டும் என்றார் தலைவர்.

பார்த்தேன் என்றால் சித்தப்பா இனிமேலும் நிம்மதியாகச் சோறு தின்பார். ஆனால் இரண்டாவது பொய்யும் அவள் தலையில் ஏறும், ஆட்டம் அத்தோடு போகும். பார்க்கவில்லை என்றால் ஆட்டம் தப்பிக்கலாம். அந்தக் கடைசி நிமிஷங்களில் அவர் கூப்பிட்டது யார் காதுக்கும் எட்டவில்லை என்று அவருக்குத் தெரிந்துபோகும். இங்கிலீஷில் சொல்லிவிடலாம், சித்தப்பாவுக்குப் புரியாது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஆறு வருஷம் ஒளித்து ஒளித்துப் பூப் போட்டவளின் வீட்டில் இன்னும் ஒன்றை ஒளிக்க வேண்டுமா?

அவள் கேமராவை விட்டுத் திரும்பி, செல்லசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அதப் பாக்கல சித்தப்பா. ஆடுறப்ப எதையும் படிக்கமாட்டேன். நீங்க அழுத சத்தம் கேட்டுச்சு. அதக் கேட்டுத்தான் வந்தேன்."

செல்லசாமி அவளையே பார்த்தார்.

"சத்தம் கேட்டா?"

"ஆமா சித்தப்பா."

"அப்ப முன்னுக்கே சத்தம் போட்டிருந்தா வந்திருப்பியா?"

"ஓடியாந்திருப்பேன்," என்றாள் நிஷாந்தி.

செல்லசாமி மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சின்ன வயதில் எதையாவது தெரிந்துகொள்ள அண்ணனிடம்தான் கேட்பார், அதே மாதிரிக் கேட்டார்.

"நான் செவுத்தத் தட்டியிருந்தா நீ வந்திருப்பியாண்ணே?"

அவர் என்ன சொன்னார் என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். றுமைஸா மொழிபெயர்க்கவில்லை. ஐந்து நிமிஷம் இடைவேளை வேண்டும் என்று மட்டும் சொன்னார். கொழும்புப் பக்கத்துத் திரை கறுத்தது.

வந்திருப்பேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். பொன்னையாவின் வாய்வரை அது வந்தது. ஆனால் ஓலம் கேட்டபிறகும் "நீ ஆடு" என்று சொன்னவர் அவர், அதைக் கேட்ட மகள் பக்கத்தில் இருக்கிறாள்.

"தெரியலடா," என்றார். "சத்தியமா தெரியல தம்பி."

செல்லசாமி தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பாதிச் சவர முகத்தை அண்ணன் தோளில் வைத்துக்கொண்டார். பொன்னையா தம்பியின் முதுகை ஒரு கையால் அணைத்து, மறுகையால் மகளை இழுத்துக்கொண்டார். வாசலில் நின்ற ஜீவராணி, சலூன்காரர் ஆள்தேடி வருவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினாள்.

திரை மறுபடி வெளிச்சமானது. தலைவர் கையில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார், முடிவெடுத்துவிட்ட முகம். றுமைஸா, "நிஷாந்தி" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டார். இங்கே அணைத்துக்கொண்டு நின்ற மூவரில் ஒருவரும் நிமிரவில்லை.